திரைக்குக் கீழே இரண்டு கால்கள்

முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தேன். கடைக்காரர்களின் தராசுகளைச் சோதிப்பது வேலை. தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்து ஈயத்தை எடுத்துவிட்ட எடைக்கல், அடிப்பக்கம் தடித்த அளவுக் குவளை எதுவும் இந்தக் கண்ணுக்குத் தப்பியதில்லை. பத்துக் கிராம்கூட என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஓய்வுபெற்ற அன்று மாலையும் கழுத்துமாகப் பேசினேன். அடுத்த எட்டாவது மாதம் பன்னிரண்டு கிலோ ஏமாந்தேன்.

பன்னிரண்டு கிலோ என்பது என் வீட்டுப் பின்னறையில் இருக்கும் அட்டைப்பெட்டிகளின் எடை. நானே நிறுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தபடியே பேனாவுக்கு மூடி போடும் வேலை என்று விளம்பரம் வந்தது. முன்பணம் கட்டினால் ஒரு பெட்டியில் பேனாக்களும் இன்னொன்றில் மூடிகளும் வரும். பொருத்தி அனுப்பினால் கூலி. பெட்டிகள் சொன்ன தேதியில் வந்தன. பேனாக்கள் ஓர் அளவு, மூடிகள் வேறோர் அளவு. அதைச் சொல்லப் போன் செய்தேன். அந்த எண் முதல் நாள் எடுக்கவில்லை, மறுநாள் உபயோகத்திலேயே இல்லை.

என் வீட்டுக்காரி அதற்காக ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. கூரியர்காரன் கையெழுத்துக் கேட்கும்போதெல்லாம் அவனிடம், "தம்பி, உன் பேனாவையே குடுப்பா. எங்க வீட்ல ரெண்டாயிரம் இருக்கு, ஆனா எல்லாம் பெட்டியில பத்திரமா இருக்கு" என்பாள்.

அன்றிலிருந்து நான் நம்புவதை நிறுத்திவிட்டேன். பேப்பர்காரன் மீதிச் சில்லறை சரியாகக் கொடுத்தால்கூட எதற்கு இவ்வளவு சரியாகக் கொடுக்கிறான் என்று தோன்றும். இந்த நிலையில்தான் என் தங்கைக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை தேவைப்பட்டது.

தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். பதினெட்டு வருடம் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தாள். டாக்டர்கள் வாயால் சொல்லச் சொல்லக் கடிதம் அடித்துக் கொடுப்பாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். ஒரு வருடத்துக்குப் படி ஏறவும் இறங்கவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஆறு மாதம் பொறுத்த மருத்துவமனை, அந்த நாற்காலியில் வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டது.

மச்சான் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மாதக் கடைசிக்குள் ஏதாவது வேலை அமையாவிட்டால் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் பின்னறைக்கு வந்துவிடுவது என்று பேசி முடித்திருந்தோம். என் வீட்டுக்காரி மனதாரத்தான் கூப்பிட்டாள். தங்கையும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவள் தன் வீட்டு ஜன்னலையும், ஜன்னலோரம் மேசையையும், மேசைமேல் ரேடியோவையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இங்க நான் எப்ப சாப்பிட்டாலும் எப்ப தூங்கினாலும் யாருக்கும் சொல்லிக்க வேண்டாம் அண்ணே. அது பழகிப்போச்சு" என்றாள். எனக்கு அது போதுமே.

அதனால் வேலை தேடும் பொறுப்பை, அதாவது வருகிற வேலைகளைச் சந்தேகப்படும் பொறுப்பை, நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது வீடியோக்களுக்கு விருப்பம் போடும் வேலை. தினம் இருபது வீடியோவைத் தட்டினால் சம்பளம். முதல் நாள் கூலி அன்று சாயங்காலமே வந்துவிட்டது. அங்கேயே எனக்கு உறைத்தது. முப்பத்தோரு வருட அரசாங்க வேலையில் எனக்கு வரவேண்டிய பயணப்படி ஒரு தடவைகூட அன்றைக்கே வந்ததில்லை. மூன்றாம் நாள், அடுத்த படிநிலைக்குப் போக நீங்கள் கொஞ்சம் பணம் போட வேண்டும் என்றார்கள். அந்த எண்ணைத் தடுத்து வைத்தோம்.

இரண்டாவதாக ஒரு நியமனக் கடிதமே வந்தது. ஓரமெல்லாம் தங்க நிறம், அடியில் இரண்டு முத்திரை. நான் ஓய்வுபெறும்போது வாங்கியதைவிடப் பெரிய சம்பளம். கணினி அனுப்பி வைப்பார்கள், அதற்குக் காப்பீட்டுத் தொகை மட்டும் இன்று மாலைக்குள் கட்ட வேண்டும். இரண்டு பஸ் மாறி அந்த முகவரிக்கே போனேன். டயர் கடை. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "வேலைக்கு வந்தீங்களா? இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆளு. நான் பஞ்சர் ஒட்டுறதா, உங்களுக்கெல்லாம் பதில் சொல்றதா" என்று கேட்டார். திரும்பி வரும்போது பழைய மிடுக்கு வந்துவிட்டது. வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி பாராட்டினாள். பின்னறைப் பக்கம் பார்த்தபடி பாராட்டினாள்.

மூன்றாவதைத் தங்கையே கண்டுபிடித்தாள். அவளுடன் வேலை பார்த்த ஒரு நர்ஸ் சொல்லியிருக்கிறாள். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த பிறகு குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்வார்களாம். அதை வீட்டிலிருந்து கேட்டு எழுத்தில் அடித்துக் கொடுக்க ஒரு நிறுவனம் ஆள் எடுக்கிறது. இவள் எழுதிப் போட்டாள். ஒன்பது நாள் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. தங்க ஓரம் இல்லை, வாழ்த்துகள் இல்லை. ஒரு பதிவை அனுப்பி எழுதச் சொன்னார்கள். எழுதினாள். பன்னிரண்டு பிழை, போதாது என்று பதில். இன்னும் ஒரே ஒரு முறை எழுதலாம், அதுவும் அவர்கள் காணொளியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதிலும் தவறினால் ஒரு வருடத்துக்கு விண்ணப்பிக்கவே கூடாதாம்.

தங்கைக்கு முகம் மலர்ந்திருந்தது. பிழை என்று சொன்னார்களே, அப்படியென்றால் யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்றாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தங்க ஓரம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் இப்போது ஓரத்தை வெட்டிவிட்டு வருகிறார்கள் என்றேன்.

நிறுவனத்தின் எண்ணுக்கு மூன்று தடவை போன் செய்தேன். ஒருமுறை தண்ணீர் வரி அலுவலகத்திலிருந்து பேசுவதாக. ஒருமுறை வயதான டாக்டராக. மூன்றாவது தடவை வேலை கேட்கும் இளம்பெண்ணாக. அது எனக்கே திருப்தியில்லை. மூன்று தடவையும் ஒரே பெண்தான் எடுத்தாள். மூன்று தடவையும் ஒரே பதில்தான் சொன்னாள். இது மனப்பாடம் செய்த பதில் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அடையாள அட்டையின் படமும் வங்கிக் கணக்கு எண்ணும் கேட்டார்கள். நான் குதித்தேன். சம்பளம் போடக் கணக்கு எண் வேண்டாமா, போனுக்கு வருகிற ரகசிய எண்ணையா கேட்டார்கள் என்று தங்கை கேட்டாள். பிறகு கடைசி நிபந்தனை வந்தது. தேர்வு நடக்கும்போது அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. தொடங்குமுன் கேமராவைச் சுற்றித் திருப்பி அறை முழுவதையும் காட்ட வேண்டும்.

இதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? தனியாக இருக்கும் பெண், நடக்க முடியாதவள், வீட்டைச் சுற்றிக் காட்டு என்கிறார்கள். அலமாரி எங்கே, கதவு எங்கே, எல்லாம் தெரிந்துவிடும். தங்கையிடம் சொன்னேன். நோயாளிகளின் ரகசியம் வெளியே போகக்கூடாது, அதற்காகத்தான் என்றாள். பதினெட்டு வருடம் அதைக் காத்தவள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரியாக எதிரில் நின்றால் எல்லாத் தராசும் ஒழுங்காக நிறுக்கும். உண்மையான நிறுவையைப் பார்க்க வேண்டுமானால் கடைக்குள் யாருக்கும் தெரியாமல் போய் மூட்டைகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அப்படி நின்று நின்று பிடித்தவை எத்தனையோ. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கும் அதையே செய்தேன்.

கதவைச் சாத்திவிட்டுக் கீழே போய் ஒரு மணி நேரம் இருக்கும்படி தங்கை சொன்னாள். சரி என்றேன். கதவைத் திறந்தேன், சத்தமாகச் சாத்தினேன், உள்பக்கம் நின்று சாத்தினேன். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால், கட்டிலை மறைத்து ஒரு திரை தொங்குகிறது. அதற்குள் நுழைந்துகொண்டேன்.

அவள் கேமராவைச் சுற்றிக் காட்டியபோது நான் கட்டிலின் பக்கச் சட்டத்தில் ஏறி நின்றேன். அறுபத்து மூன்று வயதில் ஒன்றரை அங்குலக் கட்டையில் நிற்பது எளிதில்லை. "யாரும் இல்லங்க மேடம், நான் மட்டும்தான்" என்று தங்கை சொல்வது கேட்டது. எதிர்ப்பக்கத்துப் பேச்சு ஒன்றுமே கேட்கவில்லை. அது அவள் காதுக்குள் அல்லவா பேசுகிறது. இவ்வளவு திட்டமிட்ட எனக்கு அது தோன்றவே இல்லை. பிறகு தட்டச்சுச் சத்தம் தொடங்கியது. சீரான சத்தம். மழை பிடித்தாற்போல. கேட்டுக்கொண்டிருந்தபோது கால் மரத்தது. அறையைக் காட்டி முடித்தாயிற்றே என்று மெதுவாகத் தரையில் இறங்கினேன்.

மூட்டைகள் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். திரை அப்படியில்லை. பெருக்க வசதியாக இருக்கட்டும் என்று தங்கை அதைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கும்படி வெட்டித் தைத்திருந்தாள்.

தட்டச்சு நின்றது. "இல்லங்களே" என்றாள் தங்கை. பிறகு, "நிச்சயமா இல்லங்க." நாற்காலி திரும்பியது. அவள் காதிலிருந்து கருவியைக் கழற்றி, கணினியிலிருந்தும் பிடுங்கினாள். அப்போதுதான் அந்தக் குரலை முதல் தடவையாக அறையில் கேட்டேன். நான் மூன்று முறை போனில் கேட்ட அதே குரல்.

"திரைக்குக் கீழ ரெண்டு கால் தெரியுது மேடம். செருப்போட."

வெளியே வந்தேன். கணினித் திரையில் ஓர் அம்மாள், கண்ணாடி போட்டு, என்னைத் தராசில் வைத்தது போலப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் நான் பார்த்த பார்வை.

யார் இவர் என்று கேட்டாள். அண்ணன் என்றாள் தங்கை. அந்த அம்மாள் கோபப்படவில்லை, அதுதான் மோசம். போன மாதம் இதே மாதிரி இரண்டு பேரைப் பிடித்தார்களாம். ஒருவர் மேசைக்கடியில் வேறு ஆளை வைத்து எழுதினார். இன்னொருவர் நோயாளிகளின் பதிவைத் தன் போனில் பிடித்து விற்கப் பார்த்தார். அதனால்தான் இந்த விதி என்று சொல்லிவிட்டு, தேர்வை ரத்து செய்வதாகச் சொன்னாள். நான் முன்னால் போய் விளக்கத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் முடியவில்லை.

"ஒரு நிமிஷம் சார். தண்ணி வரி ஆபீஸ்ல இருந்து பேசினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அந்தப் பெரிய டாக்டர்?"

"அதுவும்தாங்க."

"அப்போ வேலை கேட்டுப் பேசின பொண்ணு?"

"அது சரியா வரலைன்னு எனக்கே தெரியும்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தங்கையும் சிரிக்கவில்லை. தங்கை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இதுவரைக்கும் வந்தவங்கள்ல ஒருத்தர்கூட எனக்கு என்ன தெரியும்னு கேக்கலண்ணே. எடுத்த எடுப்பிலேயே வேலை உனக்குத்தான்னாங்க. இவங்க மட்டும்தான் கேட்டாங்க. கேட்டு, பன்னெண்டு தப்புன்னு சொன்னாங்க."

என் குறிப்பேட்டில் நாற்பது பக்கம் இருந்தது. இந்த ஒரு வரி அதில் இல்லை.

கடைக்காரர்கள் பிடிபட்டதும் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள், இதுதான் சார் முதல் தடவை என்று. என் வாயிலும் அதுவே வந்தது. விழுங்கினேன். பிறகு ஒன்று நினைவு வந்தது. எங்கள் வேலையில் சந்தேகம் என்றால் உடனே தண்டனை கிடையாது. மறு நிறுவை உண்டு. கடைக்காரனைத் தள்ளி நிறுத்திவிட்டு, எங்கள் எடைக்கல்லைப் போட்டு, சாட்சி வைத்து மறுபடி நிறுப்போம். கணினித் திரையைப் பார்த்துச் சொன்னேன்:

"மேடம், தப்பு என்னோடது. அவளுக்குத் தெரியாது. வேற பதிவு குடுங்க, இதைவிடக் கஷ்டமா குடுங்க. என்னை எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்துங்க. நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

மேலே கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி அவள் போய்விட்டாள். கூப்பிட மாட்டாள் என்று நான் நினைத்தேன். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்த் தேநீர் போட்டாள். ஒரு கோப்பை மட்டும் போட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தாள். அவள் மேசை, அவள் ரேடியோ, அவள் வெளிச்சம். இதையெல்லாம் கட்டி என் வீட்டுப் பின்னறையில் பேனாப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் அந்த அறையில் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஐம்பத்தைந்தாவது நிமிடம் கூப்பிட்டாள். புதிய பதிவு, சளி பிடித்த டாக்டர், வேகமாகப் பேசுபவர். நான் கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வேண்டும். என் போனில் காணொளியைப் போட்டு, என் முகமும் எனக்குப் பின்னால் சாத்திய கதவும் தெரியும்படி முழு நேரமும் பிடித்திருக்க வேண்டும். வேறோர் ஆள் என்னைக் கவனிப்பார். பேசக்கூடாது. போன் நின்றால் தேர்வும் நிற்கும். அடுத்த வாய்ப்பு இல்லை.

போனில் இருபத்து மூன்று சதவீதம் இருந்தது.

உட்கார்ந்தேன். இந்த முறை தட்டச்சுச் சத்தமும் கேட்கவில்லை. கதவுக்குள் என் தங்கையின் வீடு நிற்கிறதா போகிறதா என்பது நடந்துகொண்டிருந்தது, நான் என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு கட்டத்தில் என் முகம், இன்னொரு கட்டத்தில் யாரோ ஓர் இளைஞன். அவன் கண் இமைப்பதாகவே தெரியவில்லை. பத்தொன்பது சதவீதம். என்னால் மாட்டிக்கொண்ட கடைக்காரர்களில் இரண்டொருவர் யோக்கியர்களாக இருந்திருப்பார்களோ என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது.

இரண்டாவது மாடிப் பெண்மணி மாவு அரைத்த கையோடு மேலே வந்தாள். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகிறாள் போல. என்னைப் பார்த்து நின்றாள். "யாருங்க நீங்க? இங்க உக்காந்து யாருக்கு வீடியோ எடுக்கறீங்க?" என்றாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். இதைவிடத் தவறான ஒன்றைச் செய்திருக்க முடியாது. அவள் இரண்டு படி பின்னால் இறங்கி, தன் போனை எடுத்து என்னைப் படம் பிடித்தாள். போனில் இளைஞன் பார்த்தான், படியிலிருந்து அவள் பார்த்தாள். பதினொரு சதவீதம். போனை முழங்காலில் முட்டுக் கொடுத்துப் பிடித்தேன். அவள் கீழே போய்க் காவலாளியோடு வந்தாள். காவலாளி என்னை அடையாளம் கண்டு, "இவர் அந்தம்மாவோட அண்ணன்தாங்க. கொஞ்சம் ஒருமாதிரி, ஆனா நல்லவர்" என்று சாட்சி சொன்னார். மறுக்க வழியில்லை. பேசக்கூடாதே.

நான்கு சதவீதத்தில் கதவு திறந்தது. "எந்திரிச்சு வா" என்றாள் தங்கை. முடிந்ததா, எப்படி எழுதினாய் என்று கேட்டேன். தெரியவில்லை, அந்த டாக்டர் ஒவ்வொரு மருந்துப் பெயரிலும் தும்மினார் என்றாள். இந்த முறை இரண்டு கோப்பை தேநீர் இருந்தது.

நான்கு நாள் பதில் இல்லை. மோசடி என்றால் நான்கு நிமிடத்தில் வந்திருக்கும் என்று தங்கையைத் தேற்றினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஐந்தாம் நாள் வந்தது. மூன்று பிழை. எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் சோதனைக் காலம், பதிவின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கூலி. கூட்டிப் பார்த்தால் தங்க ஓரக் கடிதத்தில் இருந்ததில் நான்கில் ஒரு பங்குகூட வராது. ஆனால் வாடகைக்கும் அரிசிக்கும் மருந்துக்கும் வரும். ஒன்பது பக்க ஒப்பந்தத்தை நான் பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை படித்தேன். தப்பு எதுவும் இல்லை. அதுவே கொஞ்சம் உறுத்தியது, வெளியே சொல்லவில்லை. தங்கை அன்றே வீட்டுச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, காலி செய்யவில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டாள்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. அவள் வேலை செய்யும்போது அறையில் யாரும் இருக்கக்கூடாது என்ற விதி எனக்காகவே தடித்த எழுத்தில் இருக்கிறது. காய்கறி வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தால், அவள் முடிக்கும்வரை படிக்கட்டில்தான் இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்தால் கண்டதையும் சந்தேகப்படுவேன் என்று வீட்டுக்காரி ஒரு துணிப்பையில் பேனாக்களும் மூடிகளும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ரெண்டாயிரத்தில் ஒன்றிரண்டாவது பொருந்தாதா என்பது அவள் கணக்கு. இதுவரை பதினொன்று பொருந்தியிருக்கின்றன.

நேற்று இரண்டாவது மாடிப் பெண்மணி வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். முன்பு படம் பிடித்த அதே போனை என்னிடம் நீட்டினாள். தங்க ஓரம். அன்று மாலைக்குள் கட்ட வேண்டுமாம். அந்தம்மாவுக்கு வேலை கிடைத்ததாமே, இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். முகத்தில் அவ்வளவு ஆசை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஆசை. உடனே உடைக்க மனம் வரவில்லை.

ஒரு பேனாவையும் ஒரு மூடியையும் அவள் கையில் கொடுத்து, மூடச் சொன்னேன். மூடிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பையிலிருந்து வேறொரு மூடி எடுத்தாள், அதன்பின் இன்னொன்று.

"பொருந்தலையேங்க."

"ஆமாம்மா. இதுக்கு நான் முன்பணம் கட்டினேன்."

அவள் போனைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள்.

"சரி, அத விடுங்க" என்றேன். "உங்களுக்கு என்ன வேலை தெரியும், அதச் சொல்லுங்க."

தைப்பேன் என்று தொடங்கினாள். ரவிக்கை, பள்ளிச் சீருடை, கிழிந்த ஜன்னல் திரைகூட, எந்த உயரத்துக்கு வேண்டுமானாலும். தரையைத் தொடுகிற மாதிரி தைப்பீர்களா என்று கேட்டேன். எதற்கு என்று சந்தேகமாகப் பார்த்தாள்.